சீனம் தொடங்குகிறவர்களுக்கு: எதை முதலில் படிப்பது, எதைக் கையால் எழுதுவது, எவ்வளவு செலவாகும்

படிப்புக்கோ வேலைக்கோ சரக்கு வாங்கவோ சீனா போகத் தயாராகிறவர்கள் பலர் ஆர்வமாகத் தொடங்கி, முதல் மாதத்திலேயே நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். மொழி கடினம் என்பது பாதிக் காரணம்தான். பாடம் வரிசை தப்பிக் கைக்கு வருவது மீதிக் காரணம். நான் சேர்ந்த முதல் இணைய வகுப்பில் உச்சரிப்பை அவசரமாகத் தாண்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் பக்கம் பக்கமாக எழுதி வரச் சொன்னார்கள். எந்தக் கோட்டை முதலில் போட வேண்டும் என்றுகூடச் சொல்லித் தரவில்லை. வகுப்பிலிருந்த பாதிப் பேர் அதோடு நின்றுபோனார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சீன எழுத்தைப் பார்த்துப் படிப்பது ஒரு வேலை, கைபேசியில் தட்டுவது இன்னொரு வேலை, கையால் எழுதுவது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே அளவில் இழுக்கப் பார்க்காதீர்கள். 2021-ல் சீனா வெளியிட்ட மொழித்தரத்தில், தொடக்க நிலை மூன்றுக்கும் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டியவை 900 எழுத்துகள்; கையால் எழுதத் தெரிய வேண்டியவை 300 மட்டுமே. பாடத்திட்டம் வகுத்தவர்களே இப்படிப் பிரித்திருக்கிறார்கள். நீங்களும் பிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே சீன உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருப்பது அடையாளத்துக்காக மட்டும். அகராதிச் செயலியைப் பக்கத்தில் திறந்து, ஒலியைக் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

1. எந்தச் சீனம், எந்த எழுத்து?

சீனாவின் பொதுமொழியான மாண்டரின் படியுங்கள். குவாங்சோ பக்கம் கான்டனீஸ் பேசுவார்கள் என்று சிலர் குழப்புவார்கள். அங்கேயும் கடை, வங்கி, ரயில் நிலையம் எல்லாவற்றிலும் மாண்டரின் செல்லும்.

எழுத்தில் இரண்டு வகை உண்டு. சீனா, சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் எளிமையாக்கப்பட்ட எழுத்து. தைவான், ஹாங்காங், மக்காவ் ஆகியவற்றில் பழைய முழு வடிவம். குதிரை என்ற எழுத்துக்கு எளிய வடிவில் மூன்றே கோடுகள். முழு வடிவில் பத்து. கதவுக்கு மூன்று, முழு வடிவில் எட்டு. போகும் ஊரைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சித் தாள்களில் இரண்டும் கலந்து கிடக்கும். அச்சிடுவதற்கு முன் குதிரை எழுத்தைப் பார்த்துக்கொண்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

2. வாங்க வேண்டியவை

அதிகம் வேண்டாம். சீனக் குழந்தைகள் எழுதிப் பழகும் நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிலுவை போல இரண்டு கோடுகள் இருக்கும். நம் ஊர்க் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொண்டால் அதே வேலை நடக்கும். பென்சில் அல்லது சாதாரண ஜெல் பேனா போதும். தூரிகையும் மையும் கலைக்கு, இப்போதைக்குத் தேவையில்லை.

அகராதிக்கு ப்ளெகோ செயலி. அடிப்படை அகராதி இலவசம், கூடுதல் வசதிகளுக்குத்தான் காசு. மனப்பாடத்துக்கு ஆங்கி என்ற செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் சுமார் 25 டாலர் ஒருமுறை கட்ட வேண்டும். கூகுள் விசைப்பலகையில் சீனத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் சேர்வதானால் ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு மாதம் போய்ப் பாருங்கள். ஆசிரியர் உங்கள் தொனியை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்துகிறாரா என்பதே கவனிக்க வேண்டியது. திருத்தவில்லை என்றால் அந்தக் கட்டணத்துக்குப் பயனில்லை, காணொளி பார்த்தே படித்துவிடலாம்.

3. பின்யின்: மூன்று வாரம் இதற்கே கொடுங்கள்

ஆங்கில எழுத்துகளால் சீன ஒலியைக் குறிக்கும் முறை பின்யின். எழுத்து ஆங்கிலம்தான், ஒலி ஆங்கிலம் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆனால் தமிழ் தெரிந்த நாக்குக்கு இதில் சில வசதிகள் உண்டு. ஆங்கிலம் வழியாகப் போகாமல் தமிழ் வழியாகப் போங்கள்.

ஆங்கில வரிசையில் இரண்டாவதாக வரும் பி, பின்யினில் ‘பல்’ என்று சொல்லும்போது வரும் சுத்தமான ப. பதினாறாவதாக வரும் பி, அதே ப-வை மூச்சோடு தள்ளிச் சொல்வது. வாய்க்கு எதிரே ஒரு தாள் துண்டைப் பிடியுங்கள். முதல் ஒலிக்குத் தாள் ஆடக் கூடாது, இரண்டாவதற்கு ஆட வேண்டும். இதே கணக்கில் நான்காவது எழுத்தான டி ஏறத்தாழ நம் ‘தலை’யில் வரும் த, இருபதாவது எழுத்தான டி மூச்சோடு வரும் த. ஜி என்பது ‘கல்’லின் க, கே என்பது மூச்சோடு வரும் க. அப்பா என்பதற்கான ‘பாபா’வில் இரண்டு ப-வும் ‘பல்’லின் ப-தான். நடுவில் வருவதால் நாம் பழக்கத்தில் மெலிதாக்கிவிடுவோம், கவனம்.

ஆர் என்ற எழுத்தைப் பார்த்து ‘ர’ சொல்லாதீர்கள். அது நம் ழகரத்துக்கு மிக அருகில் உள்ள ஒலி. மனிதன் என்ற சொல்லை ‘ரென்’ என்பதைவிட ‘ழென்’ என்று தொடங்கினால் சீனர்களுக்கு உடனே புரியும். இசட்-எச், சி-எச், எஸ்-எச் மூன்றுக்கும் நாக்கு அதே ழகர இடத்துக்கு மடிய வேண்டும். ஜே, க்யூ, எக்ஸ் மூன்றுக்கும் நாக்கு நுனி கீழ்ப் பல்லுக்குப் பின்னால் இறங்கி இருக்க வேண்டும். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் உச்சரிப்பில் பெரிய தடை நீங்கியது.

எஸ்-ஐ என்று எழுதியிருந்தால் ‘ஸி’ என்று படிக்கத் தோன்றும். தவறு. பேச்சில் ‘காசு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் அந்த ‘சு’தான் அது. நான்கு என்ற எண்ணும், பத்து என்ற எண்ணும் இந்த உயிரொலியில்தான் முடியும். நம் குற்றியலுகரம் கைகொடுக்கும் இடம் இது.

இரண்டு புள்ளி வைத்த யூ வந்தால், ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் குவியுங்கள். ஜே, க்யூ, எக்ஸ், ஒய் இவற்றுக்குப் பின் வரும் யூ-வுக்குப் புள்ளி போட மாட்டார்கள், ஒலி மட்டும் அதேதான். கைபேசியில் இந்த ஒலிக்கு வி விசையைத் தட்ட வேண்டும். பெண் என்ற சொல்லை என்-வி என்று தட்டினால்தான் வரும். இது தெரியாமல் பெண் என்ற எழுத்தையே காணோம் என்று தேடுகிறவர்கள் உண்டு.

கடைசியில் வரும் ன், ங் இரண்டையும் கலக்காதீர்கள். படகு ‘ச்சுவான்’, கட்டில் ‘ச்சுவாங்’. ‘அங்கே’ என்பதில் ங் வரை வந்து நிறுத்தினால் சரியான ஒலி.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் சீனச் சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை முதல் வாரத்தோடு விட்டுவிடுங்கள். மூச்சு ப-வையும் மூச்சில்லாத ப-வையும் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது, தொனியையும் காட்டாது. பின்யினை அதன் தொனிக் குறியோடு எழுதுங்கள்.

4. தொனி: சொல்லைவிட முக்கியம்

நான்கு தொனிகள், கூடவே ஒரு மெல்லிய தொனி. முதலாவது சுருதிப் பெட்டி போல ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டாவது ‘அப்படியா?’ என்று வியந்து கேட்கும்போது ஏறுவது. மூன்றாவது தாழ்ந்த குரல். நான்காவது ‘போ!’ என்று அதட்டும்போது விழுவது.

மூன்றாவது தொனியைப் பள்ளம் போல இறக்கி ஏற்ற வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் படம் போட்டிருப்பார்கள். தனியாகச் சொல்லும்போது அப்படித்தான். வாக்கியத்துக்குள் வரும்போது பெரும்பாலும் தாழ்த்திச் சொன்னால் போதும், ஏற்ற வேண்டாம். இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும். வணக்கம் சொல்லும் ‘நி ஹாவ்’ அப்படித்தான் மாறி ஒலிக்கிறது. ‘இல்லை’ என்ற ‘பு’ நான்காம் தொனிச் சொல்லுக்கு முன் வந்தால் இரண்டாம் தொனியாகும்.

தொனி தப்பினால் என்ன ஆகும்? வாங்குவது ‘மாய்’ மூன்றாம் தொனி, விற்பது ‘மாய்’ நான்காம் தொனி. சரக்கு பேசப் போகிறவர் இதைக் கலந்தால் பேரமே தலைகீழ். சூப்பு முதலாம் தொனி, சர்க்கரை இரண்டாம் தொனி, இரண்டும் ‘தாங்’. தூங்குவதும் கொழுக்கட்டை மாதிரி அவிக்கும் மாவுப் பண்டமும் ஒரே ‘ஷுய் ஜியாவ்’, தொனி மட்டும் வேறு.

ஒற்றை ஒலியாகப் பயிற்சி செய்யாதீர்கள். இரண்டிரண்டு அசைகளாகச் சொல்லிப் பழகுங்கள். சொற்களில் பெரும்பாலானவை இரண்டு அசை. உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து, செயலியின் குரலை அடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். கூச்சமாக இருக்கும், செய்யுங்கள். ஆசிரியர் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

5. கோடு போடும் வரிசை

நான்காம் வாரம் பேனா எடுங்கள். சீன எழுத்து சில வகைக் கோடுகளால் ஆனது: கிடைக்கோடு, செங்கோடு, இடப்பக்கம் சாய்ந்து இறங்குவது, வலப்பக்கம் சாய்ந்து இறங்குவது, புள்ளி, கீழிருந்து மேலேறும் சிறுகோடு, மடிப்பு, கொக்கி. வரிசை விதிகள் சில. மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். குறுக்கே வெட்டினால் கிடைக்கோடு முதலில். வெளிச்சட்டம் முதலில், உள்ளே இருப்பது அடுத்து, சட்டத்தை மூடும் அடிக்கோடு கடைசியில். நடுவில் தண்டும் இரு பக்கமும் சிறகும் இருந்தால் நடு முதலில்.

பத்து என்ற எழுத்து ஒரு கூட்டல் குறி: கிடைக்கோடு, பிறகு செங்கோடு. மரம் என்பது அதே கூட்டல் குறிக்குக் கீழே இரண்டு சாய்வுக் கோடுகள், மொத்தம் நான்கு. வாய் என்ற எழுத்து சதுரப் பெட்டி. தமிழ் எழுத்தைச் சுழித்து எழுதிய கை அந்தப் பெட்டியை ஒரே சுற்றில் போட்டுவிடப் பார்க்கும். அப்படிப் போடக் கூடாது. இடப்பக்கச் செங்கோடு ஒன்று, மேல்கோடும் வலப்பக்கமும் சேர்ந்த மடிப்பு ஒன்று, அடிக்கோடு ஒன்று என மூன்று கோடுகள். இந்தப் பெட்டி நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்குள் வருவதால், இங்கே பழகும் தவறு எல்லா இடத்துக்கும் கூடவே வரும். கோட்டு எண்ணிக்கை தப்பினால் அச்சு அகராதியில் தேட முடியாது. செயலியில் விரலால் எழுதித் தேடும்போதும் வேறு எழுத்து வந்து நிற்கும்.

அப்புறம், ஒன்றுபோலத் தோன்றும் ஜோடிகள். மண் என்பதில் அடிக்கோடு நீளம்; அறிஞர் என்பதில் மேல்கோடு நீளம், மற்றபடி இரண்டும் ஒன்றே. ‘இன்னும் இல்லை’ என்பதில் மேல்கோடு குட்டை, ‘முடிவு’ என்பதில் மேல்கோடு நெட்டை. மனிதன், நுழைவு இரண்டும் இரண்டே சாய்வுக் கோடுகள். நுழைவில் வலக்கோடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வானம் என்பதன் தண்டு மேல்கோட்டைத் தாண்டி நீண்டால் கணவன் ஆகிவிடும். இவற்றைத் தனித்தனியே படிக்காதீர்கள். ஜோடியாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

எத்தனை தடவை எழுதுவது? பார்த்துக்கொண்டே ஐந்து தடவை, நோட்டை மூடிவிட்டு மூன்று தடவை. மறுநாள் காலை பார்க்காமல் ஒரு தடவை. வராதவற்றுக்கு மட்டும் மறுபடி. பார்த்துப் பார்த்து நூறு தடவை எழுதினால் கைதான் பழகும், மனதில் நிற்காது. ஒரு நாளைக்கு ஐந்து புது எழுத்து போதும்.

6. எழுத்தைத் துண்டாகப் பார்க்கப் பழகுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மெதுவாகப் போங்கள். ஒரு நாற்பது, ஐம்பது அடிப்படைத் துண்டுகள் தெரிந்தால் புது எழுத்து பழைய துண்டுகளின் கூட்டாகத் தெரியத் தொடங்கும். பழைய அகராதி முறையில் 214 துண்டுகள் உண்டு. அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

சூரியனும் சந்திரனும் பக்கத்தில் நின்றால் வெளிச்சம். மனிதன் மரத்தருகே சாய்ந்தால் ஓய்வு. இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. பெண்ணும் பிள்ளையும் சேர்ந்தால் நல்லது. ஆனால் எல்லா எழுத்தும் இப்படிப் படக்கதை இல்லை. பெரும்பாலானவற்றில் ஒரு துண்டு பொருளைச் சுட்டும், இன்னொரு துண்டு ஒலியைச் சுட்டும். குதிரை ‘மா’. அதோடு பெண் சேர்ந்தால் அம்மா, ஒலி ‘மா’. அதோடு வாய் சேர்ந்தால் கேள்விச் சொல், ஒலி ‘மா’. பச்சை-நீலத்தைக் குறிக்கும் ‘ச்சிங்’ என்ற துண்டோடு மூன்று துளித் தண்ணீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வெயிலடிக்கும் வானிலை, இதயம் சேர்ந்தால் உணர்வு, பேச்சு சேர்ந்தால் ‘தயவுசெய்து’. எல்லாமே ‘ச்சிங்’, தொனியில்தான் வேறுபாடு. ஒரு துண்டைப் படித்தால் ஐந்து எழுத்து கிடைக்கிறது. ஒவ்வொரு புது எழுத்துக்கும் ப்ளெகோவில் அதன் துண்டுகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

7. சொற்கள்: எண்ணிலிருந்து தொடங்குங்கள்

எச்எஸ்கே என்ற அரசுத் தேர்வின் பழைய முதல் நிலைப் பட்டியலில் 150 சொற்கள். 2021 தரத்தில் முதல் நிலைக்கே 500 சொற்கள். எந்தப் பட்டியல் ஆனாலும் அகர வரிசையில் படிக்காதீர்கள்.

ஒன்று முதல் பத்து வரை படித்தால் 99 வரை வந்துவிடும்: பத்து-ஒன்று பதினொன்று, இரண்டு-பத்து இருபது. மாதங்களுக்குத் தனிப் பெயர் இல்லை. ஒன்று-மாதம் என்றால் ஜனவரி. திங்கள் முதல் சனி வரை கிழமைகளும் எண்கள்தான். ஒரே வாரத்தில் தேதி, கிழமை, விலை எல்லாம் சொல்ல முடிகிறது. பெரிய எண்ணில் மட்டும் நிதானம் வேண்டும். அவர்கள் பத்தாயிரத்தை ‘வான்’ என்ற ஓர் அலகாக வைத்து எண்ணுவார்கள். நம் லட்சம் அவர்களுக்குப் பத்து வான், கோடி ஆயிரம் வான். சம்பளம், வாடகை பேசும்போது தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

அடுத்து, ஓர் எழுத்திலிருந்து பிரியும் சொற்கள். மின்சாரம் ‘தியென்’. மின்-பேச்சு தொலைபேசி, மின்-மூளை கணினி, மின்-நிழல் திரைப்படம், மின்-பார்வை தொலைக்காட்சி. வெளியே-வாய் என்றால் வெளியேறும் வழி, நுழை-வாய் என்றால் நுழைவாயில். இரண்டும் எல்லா மெட்ரோ நிலையத்திலும் தொங்கும்.

வாக்கியம் அமைப்பதில் பயம் வேண்டாம். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை நமக்குப் புதிது. மற்றபடி நேரம் வினைக்கு முன்னால் வருவது, ‘நீ எங்கே போகிறாய்’ என்பதில் போலக் கேள்விச் சொல் வாக்கியத்தின் நடுவிலும் நிற்பது, ‘சாப்பிட்டாயா’ என்பதன் கடைசி ‘ஆ’ போல வாக்கிய முடிவில் ‘மா’ சேர்ப்பது எல்லாம் நம் பழக்கத்தோடு ஒத்துப்போகும். மூன்று ‘பேர்’ என்று நாம் ஆட்களுக்குச் சொல்கிற மாதிரி, அவர்கள் எல்லாப் பொருளுக்கும் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஒரு சொல் வைப்பார்கள். தெரியாதபோது ‘கெ’ வைத்துவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கையால் எழுதும் பட்டியலில் எண்கள், வருடம்-மாதம்-நாள், நாடு, ஆண், பெண், உங்கள் முகவரியில் வரும் எழுத்துகள் இவற்றை முதலில் போடுங்கள். படிவங்களில் வருவது இவைதான்.

8. நேரம்

தினம் நாற்பது நிமிடம். அதில் பதினைந்து ஆங்கிக்கு, பத்து எழுத, மீதி கேட்டுச் சொல்ல. ஞாயிறன்று மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்வது பலன் தராது. இந்த வேகத்தில் 150 சொற்களுக்கு மூன்று மாதம், 500 சொற்களுக்கு எட்டு, ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. தேர்வும் ஆவணங்களும்

தேர்வு கட்டாயம் இல்லை. ஆனால் சீனப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குத் தேவைப்படும். ஆங்கில வழியில் இளநிலைப் பட்டம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும் பட்டம் பெறும்போது நான்காம் நிலைச் சீனம் அறிந்திருக்க வேண்டும் என்று சீனக் கல்வி அமைச்சகத்தின் 2018 தர விதிகள் சொல்கின்றன. மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இதை முகவர் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

பழைய அமைப்பில் முதல் நிலைக்கு 40 கேள்விகள்: கேட்டல் 20, படித்தல் 20. மொத்தம் 200 மதிப்பெண், 120 எடுத்தால் தேர்ச்சி. முதல் இரண்டு நிலைகளில் கேள்வித்தாளிலேயே பின்யின் இருக்கும், எழுத்துப் பகுதி கிடையாது. இதை நம்பி எழுத்தைப் படிக்காமல் விட்டால் மூன்றாம் நிலையில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே பின்யின் துணை இல்லை, எழுதும் கேள்விகளும் வந்துவிடும். பேச்சுத் தேர்வு தனி. கணினித் தேர்வில் பின்யின் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காகிதத் தேர்வில் கையால் எழுத வேண்டும். பணம் கட்டும் முன், அந்த அமர்வு எந்தப் பாடத்திட்டப்படி நடக்கிறது என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். சீனாவுக்குள் முதல் நிலைக்கு 150 யுவான், அடுத்தடுத்த ஒவ்வொரு நிலைக்கும் 100 கூடுதல் என்று இருந்து வந்திருக்கிறது. காகிதத் தேர்வுக்குப் பதிவு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே மூடிவிடும்.

தயாராக வைக்க வேண்டியவை: காலாவதியாகாத பாஸ்போர்ட், அதன் ஸ்கேன், வெளிர்ப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தின் கோப்பு, எப்போதும் பார்க்கும் மின்னஞ்சல். நமக்கென்றே இருக்கும் சிக்கல் பெயரில் வருகிறது. முதலெழுத்து வைத்துப் பெயர் எழுதுகிறவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கலாம், அல்லது அப்பா பெயர் விரிந்து நிற்கலாம். தேர்வுப் படிவம் குடும்பப்பெயரைத் தனியாகக் கேட்கும். பள்ளிச் சான்றிதழைப் பார்த்து நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படியோ அப்படியே போடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் பதிவுக்கு முன் மையத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, அவர்கள் பதிலைச் சேமித்து வையுங்கள். ஆசிரியர் வைத்துத் தந்த சீனப் பெயர் வகுப்பில் கூப்பிடத்தான். விசா, வங்கி, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் பெயரே ஒரே மாதிரி இருக்கட்டும்.

தேர்வு நாளில் அச்சிட்ட அனுமதிச் சீட்டு, பாஸ்போர்ட்டின் அசல், காகிதத் தேர்வானால் 2பி பென்சில் இரண்டு, அழிப்பான். கேட்டல் பகுதி தொடங்கிய பின் உள்ளே விட மாட்டார்கள், அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். முடிவு கணினித் தேர்வுக்குச் சுமார் இரண்டு வாரத்திலும், காகிதத் தேர்வுக்கு ஒரு மாதத்திலும் வரும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். செப்டம்பரில் சேரப் போகிறவர் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே எழுதிவிட்டால், முதல் முயற்சி கைவிட்டாலும் மறுபடி எழுத நேரம் இருக்கும்.